கொழும்பு முதல், மட்டக்களப்பு கடைசி: இந்தப் பட்டியலை எழுதியது யார்?

உயர்தரப் பெறுபேறு வந்து இரண்டு நாளுக்குள் ஒரு பட்டியல் ஊர் முழுக்கச் சுற்றத் தொடங்கிவிடும். "கொழும்பை முதலாவதாப் போடு. அடுத்தது பேராதனை. பிறகு ஜயவர்தனபுர, களனி, றுகுணு. யாழ்ப்பாணத்தை அதுக்குப் பிறகு பாப்பம். மட்டக்களப்பு, ரஜரட்ட எல்லாம் கடைசியில கிடக்கட்டும்." சொல்லுறவர் ரியூசன் சேராக இருக்கலாம், வெளிநாட்டில் இருக்கிற மாமாவாக இருக்கலாம், முன்வீட்டு அன்ரியாகவும் இருக்கலாம். ஏன் இந்த ஒழுங்கு என்று கேட்டுப் பாருங்கள். "எல்லாரும் அப்பிடித்தானே போடுறவை" என்பதுக்கு மேல் ஒரு பதிலும் வராது.

எங்களுக்கு இந்தப் பட்டியலோடு பிரச்சினை இருக்கிறது. கொழும்பில் படிக்கப் போகிறவர்களோடு இல்லை. யோசிக்காமல் கைமாறிக் கைமாறி வருகிற ஒரு பட்டியல், நாட்டின் பாதி மருத்துவ பீடங்களை "கிடைக்காதவை போற இடம்" என்று முத்திரை குத்துகிறதே, அதோடுதான் பிரச்சினை.

முதலில் முறையைப் பார்ப்பம். மருத்துவம் கிடைக்குமா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது இஸட் புள்ளியும் மாவட்டமும். அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில். 55 வீதம் மாவட்ட ஒதுக்கீட்டில். மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை என்று குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு. வடக்கு கிழக்கின் எட்டு மாவட்டங்களும், மலையகத் தமிழர் செறிந்து வாழும் நுவரெலியாவும் பதுளையும் அந்தப் 16க்குள் அடக்கம். இவ்வளவு சல்லடைக்குள்ளாலும் வந்த பிள்ளைக்குத்தான் "எந்தப் பீடம்" என்ற கேள்வியே எழுகிறது. மானியங்கள் ஆணைக்குழுவின் விண்ணப்பத்தில் நாங்கள் எழுதுகிற விருப்ப ஒழுங்குக்கு அங்கேதான் வேலை. பதின்மூன்று வருசம் பள்ளிக்கூடத்தில் கழித்த பிள்ளை, அடுத்த ஐந்து வருசத்தை எங்கே கழிப்பது என்பதை ஆரோ சொன்ன ஒழுங்கில் பத்து நிமிசத்தில் நிரப்பிக் கொடுக்கிறது.

சரி, அந்த ஒழுங்கு எதைத் தருகிறது? எங்கே படித்தாலும் எம்.பி.பி.எஸ். ஐந்து வருசம்தான். முடித்த பிறகு எல்லாப் பீடத்துப் பட்டதாரிகளையும் ஒரே பொதுத் தகுதிப் பட்டியலில் நிரைப்படுத்தி, அதன்படிதான் உள்ளகப் பயிற்சிக்கு இடம் கொடுக்கிறார்கள். அந்த ஒரு வருசப் பயிற்சிக்குப் பிறகு எல்லாரையும் முழுமையாகப் பதிவு செய்வது ஒரே இலங்கை மருத்துவ சபை. விசேட வைத்திய நிபுணர் ஆகவேணுமென்றால் எல்லாரும் ஏறவேண்டிய படி கொழும்பில் இருக்கிற பட்டப்பின் மருத்துவ நிறுவகம். சனல் பண்ணப் போகிற சனத்தில் ஒருவரும் "டொக்டர் எந்தக் கம்பஸ்" என்று கேட்டு நம்பர் எடுப்பதில்லை. அப்ப அந்தப் பெயர் எங்கேதான் உதவுகிறது? கலியாணப் பேச்சில் கொஞ்சம் எடுப்பாக இருக்கும். சீதனக் கணக்கிலும் ஏறலாம். அதற்காகவா ஐந்து வருசம்?

பீடங்களுக்குள் வித்தியாசமே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. வித்தியாசம் நிறைய இருக்கிறது. ஊர்ப் பட்டியல் அதைக் காட்டுவதில்லை, அவ்வளவுதான்.

மருத்துவ மாணவரின் உண்மையான வகுப்பறை வாட். எனவே பீடத்தைத் தெரிவது என்பது ஒரு வைத்தியசாலையைத் தெரிவது. அந்த வைத்தியசாலைக்கு எந்தச் சனம் வருகிறது, என்ன நோயோடு வருகிறது, என்ன மொழியில் அழுகிறது என்பதையும் சேர்த்துத் தெரிவது. கொழும்புத் தேசிய வைத்தியசாலை நாட்டிலேயே பெரியது. மற்ற இடங்களில் கையாள முடியாத நோயாளிகள் அங்கேதான் அனுப்பப்படுகிறார்கள். பிள்ளைகளுக்கு லேடி றிட்ஜ்வே, புற்றுநோய்க்கு மகரகம என்று சிறப்பு வைத்தியசாலைகளும் கொழும்பிலும் அதன் ஓரத்திலும்தான் இருக்கின்றன. இதை மறுத்துக் கதைப்பது பொய். அரிய நோய்களில் ஆர்வமுள்ள பிள்ளைக்குக் கொழும்பு நல்ல இடம். ஆனால் ஐந்து வருசத்தில் ஒரு மாணவர் முதலில் பழகவேண்டியது அரிய நோயை இல்லை. சளிக்காய்ச்சலையும் நிமோனியாவையும் பிரித்தறிய, சலரோகக்காரரின் காலைத் தூக்கிப் பார்க்க, பிரசவ வாட்டில் நேரம் பிந்தாமல் ஆளைக் கூப்பிடப் பழகவேண்டும். இதற்கான நோயாளிகள் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் அனுராதபுரத்திலும் நிறையவே இருக்கிறார்கள். பெரிய வைத்தியசாலையில் நோயாளி எவ்வளவு கூடவோ, கட்டிலைச் சுற்றி நிற்கிறவர்களும் அவ்வளவு கூட. மூன்றாவது வரிசையில் நின்று எட்டிப் பார்த்துப் படிப்பதும், உங்கள் கையாலேயே வயிற்றைத் தொட்டுப் பார்த்துப் படிப்பதும் ஒன்றில்லை.

இன்னொன்று, இடம்தான் கேள்வியைத் தருகிறது. 1990கள் தொட்டு வடமத்திய மாகாணத்து விவசாயிகளைக் கொல்லுகிற, காரணம் தெளிவாகாத அந்தச் சிறுநீரக நோயையும், வயல்வெளிப் பாம்புக்கடியையும் ரஜரட்டப் பீடம் ஆராய்வது தற்செயல் இல்லை. அந்த நோயாளிகள் அவர்களுடைய வாட்டில் கிடக்கிறார்கள். போர் சனத்தின் மனத்துக்கு என்ன செய்தது என்று தயா சோமசுந்தரம் எழுதியது யாழ்ப்பாணத்தில் இருந்து வைத்தியம் பார்த்தபடியால்தான். 'மலைக்கொழுந்து' எழுதிய நந்தி, அதாவது பேராசிரியர் சிவஞானசுந்தரம், யாழ். மருத்துவ பீடத்தில் சமுதாய மருத்துவம் கற்பித்தவர். சனத்தின் வாழ்க்கையைக் கேட்டு எழுதத் தெரிந்தவர் நோயையும் அப்படித்தான் பார்ப்பார். இதையெல்லாம் "கடைசிப் பீடங்கள்" என்று தள்ளுகிறவர்கள் மருத்துவத்தைப் பற்றிக் கதைக்கவில்லை, கட்டிடத்தைப் பற்றிக் கதைக்கிறார்கள்.

அடுத்தது மொழி. இதைப் பற்றி ஊர்ப் பட்டியல் வாயே திறப்பதில்லை. படிப்பு ஆங்கிலத்தில், நோயாளியோ தமிழில் அல்லது சிங்களத்தில். "நெஞ்சுக்குள்ள ஒரு மாதிரிக் கிடக்கு", "கை கால் உளையுது", "தலைக்குள்ள விறைக்குது" என்று ஒரு அம்மா சொல்வதை நோய் வரலாறாக மாற்றுவதுதான் வைத்தியத்தின் முதல் வேலை. கொழும்பில் 1870இல் மருத்துவக் கல்லூரி திறக்க முதலே, மானிப்பாயில் சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க மிசன் வைத்தியர் தமிழில் மருத்துவம் படிப்பித்தார், மருத்துவ நூல்களைத் தமிழுக்குக் கொண்டு வந்தார். நோயாளியின் மொழி தெரியாத வைத்தியரால் பாதி வேலைதான் ஏலும் என்பதை அவர் விளங்கி நூற்றைம்பது வருசம் கடந்துவிட்டது. இண்டைக்கும் வடக்கு கிழக்கிலும் தோட்டப்புறத்திலும் நோயாளிக்கும் வைத்தியருக்கும் நடுவில் ஒரு சிற்றூழியரோ தாதியோ நின்று மொழிபெயர்க்கிற நிலைதான் பல இடங்களில்.

இந்தக் கண்ணால் பார்த்தால் தெரிவு வேறு மாதிரித் தெரியும். பேராதனைக்குப் போகிற தமிழ்ப் பிள்ளை கண்டி வைத்தியசாலை வாட்டில் ஹற்றனில் இருந்து வந்த கொழுந்து பறிக்கிற அக்காவைச் சந்திக்கும். அவவின் வருத்தத்தை நேரடியாகக் கேட்கக் கூடிய ஒரு சிலரில் நீங்களும் ஒருவர். கொழும்பிலோ காலியிலோ படிக்கிற தமிழ்ப் பிள்ளை சிங்களத்தை வாட்டிலேயே பழகும். அதுவும் ஒரு சம்பாத்தியம்தான். யாழ்ப்பாணத்துக்கும் மட்டக்களப்புக்கும் வருகிற சிங்களப் பிள்ளை தமிழைப் பழகிக்கொண்டு போகும். அது இந்த நாட்டுக்கே சம்பாத்தியம். ஆக, "தமிழ்ப் பிள்ளை தமிழ் இடத்திலதான் படிக்கவேணும்" என்பது எங்கள் வாதம் இல்லை. அந்தக் கதையும் எங்களுக்கு வேண்டாம். அது பல வீடுகளில் பொம்பிளைப் பிள்ளைக்கு மட்டும் போடுகிற வேலி. தம்பி பேராதனைக்குப் போகலாம், தங்கச்சி மட்டும் "வீட்டில இருந்து போய்வாற தூரத்தில" படிக்கவேணும் என்றால், அதில் ஊர்ப்பற்று ஒன்றும் இல்லை.

"பழைய பீடம் நல்ல பீடம்தானே" என்பார்கள். கொழும்புக்கு அடுத்து பேராதனை 1962, யாழ்ப்பாணம் 1978, களனி 1991. வயதுதான் அளவுகோல் என்றால் யாழ்ப்பாணம் களனிக்கு மேலே நிற்கவேண்டும். பட்டியலில் அப்படி இல்லையே! களனியின் றாகம பீடம் எப்படி வந்தது என்பதையும் நினைவில் வைப்பம். வட கொழும்பு மருத்துவக் கல்லூரி என்ற தனியார் கல்லூரியை மாணவர் போராட்டத்துக்குப் பிறகு அரசு பொறுப்பேற்றுத்தான் அது அரச பீடமானது. அரசு காசும் ஆளும் போட்டது, பீடம் வளர்ந்தது. பீடத்தின் தரம் என்பது தலையெழுத்து இல்லை, ஆரோ செய்த செலவு. அல்லது செய்யாத செலவு.

யாழ்ப்பாணத்தின் கதை இதைவிடக் கனமானது. ராஜினி திராணகம இங்கிலாந்தில் கலாநிதிப் பட்டம் முடித்தவர். அங்கேயே இருந்திருக்கலாம். திரும்பி வந்து, போருக்கு நடுவில் உடற்கூற்றியல் துறையைத் தலைமை தாங்கி நடத்தினார். 1989 செப்டெம்பர் 21 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். அப்படியான ஆட்கள் நின்று பிடித்தபடியால்தான் அந்தப் பீடம் இண்டைக்கும் நிற்கிறது. அதை விண்ணப்பத்தில் ஆறாவதாக எழுதுவது உங்கள் உரிமை. ஆனால் "அங்க என்ன இருக்கு?" என்று கேட்கிறவர்கள் இந்தக் கதையைத் தெரிந்துகொண்டு கேட்கட்டும்.

இனி அரசுக்கு வருவம். புதுப் பீடம் திறப்பதென்றால் அமைச்சர்களுக்கு விருப்பம். நாடா வெட்டலாம், பெயர்ப்பலகை திறக்கலாம். விரிவுரையாளர் வெற்றிடத்தை நிரப்புவதில் படம் எடுக்க ஒன்றும் இல்லை. 2022 நெருக்கடிக்குப் பிறகு வைத்தியர்கள் கூட்டமாக வெளிநாடு போனபோது முதலில் அடிவாங்கியது தூரத்து வைத்தியசாலைகள். நிபுணர் இல்லாத வாட்டில் மாணவருக்கு ஆர் படிப்பிக்கிறது? மாலபே தனியார் மருத்துவக் கல்லூரிக்கு எதிராக மாணவர் இயக்கம் வருசக்கணக்கில் வீதியில் நின்றது. இலவசக் கல்வியைக் காப்பாற்ற அந்தப் போராட்டம் தேவைப்பட்டது. ஆனால் இலவசக் கல்வி என்பது காசு வாங்காமல் இருப்பது மட்டுமா? ஒரே தேர்வு எழுதி, ஒரே பட்டியலில் நிரைப்படுத்தப்படப் போகிற பிள்ளைகளில் ஒருவருக்குப் பேராசிரியர் நிறைந்த துறை, இன்னொருவருக்கு வெற்றுக் கதிரை என்றால் அதுவும் அநீதிதான். மட்டக்களப்பின் வெற்றிடங்களுக்காகக் கொழும்பு மாணவர் ஒரு நாள் வகுப்பைப் பகிஷ்கரித்தால் நாங்கள் அந்த ஒற்றுமையை நம்புவம்.

எங்கட ஊர்ப் பட்டியல் அரசுக்கு எவ்வளவு வசதி என்பதையும் யோசியுங்கள். "கடைசிப் பீடம்" என்று நாங்களே சொல்லிவிட்டால், அங்கே குறை இருப்பது இயல்பு என்று ஆகிவிடுகிறது. ஒருவரும் கேள்வி கேட்பதில்லை. நல்ல விரிவுரையாளரும் போகத் தயங்குகிறார். குறை இன்னும் கூடுகிறது. பிறகு அதையே காட்டி "பாத்தியா, சொன்னம்தானே" என்கிறோம்.

எனவே இந்த முறை விண்ணப்பம் நிரப்பப் போகிற தம்பி தங்கச்சியவையே, ரியூசன் சேரின் பட்டியலை மடித்து வைத்துவிட்டு, அந்தந்தப் பீடத்தில் இப்ப படிக்கிற ஒருவரைப் பிடித்துக் கேளுங்கள். ஒரு கிளினிக்கல் குழுவில் எத்தனை பேர்? எந்தத் துறையில் நிரந்தர விரிவுரையாளர் இல்லை? நோயாளிகள் என்ன மொழி பேசுகிறார்கள், அந்த மொழியைப் படிப்பிக்க ஏதும் ஏற்பாடு இருக்கா? விடுதி எத்தனை வருசத்துக்குக் கிடைக்கும், வெளியில் அறை எடுத்தால் வீட்டால் தாங்க ஏலுமா? பகிடிவதைக்கு எதிராக 1998இலேயே சட்டம் வந்தது, அது அந்த வளவுக்குள் நடைமுறையில் இருக்கா? கடைசியாக உங்களையே கேளுங்கள்: எந்தச் சனத்துக்குப் பக்கத்தில் நின்று இந்த வேலையைப் பழக விருப்பம்?

இதற்கெல்லாம் பதில் தேடிப் போட்டு அதன் பிறகும் கொழும்பை முதலாவதாக எழுதினால், சந்தோசமாக எழுதுங்கள். மட்டக்களப்பை முதலாவதாக எழுதி வீட்டில் சண்டை வந்தால், இந்தக் கட்டுரையை அம்மா அப்பாவுக்கு வாசிச்சுக் காட்டுங்கள். எங்கே போனாலும் அங்கே இல்லாத விரிவுரையாளரைக் கேட்டுச் சத்தம் போடுங்கள். அந்தக் கதிரை நிரம்பினால் உங்களுக்குப் பின்னால் வருகிற பிள்ளைக்கு ஆசிரியர் கிடைப்பார், அந்த வாட்டில் கிடக்கிற சனத்துக்கு ஒரு வைத்தியர் கூடக் கிடைப்பார்.