ரிமோட் யார் கையில்?

"தமிழ்ப்பள்ளிக்கு எதுக்குங்க ரோபோ? முதல்ல எழுதப் படிக்கக் கத்துக் குடுங்க" என்று கேட்கும் பெற்றோர் நம்மில் உண்டு.

ஜுரு வட்டாரத் தோழர்களே, சுற்றிலும் பாருங்கள். தோட்டங்கள் சுருங்கி, பிறையிலும் புக்கிட் மின்யாக்கிலும் தொழிற்பேட்டைகள் பெருகிவிட்டன. 1972-இல் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை தொடங்கியபோது பாகங்களைப் பொருத்தியது நம் போன்றோர் கைகள். இன்று இயந்திரக் கையும் பொருத்துகிறது. அதை ஓட்டுபவனுக்கு ஒரு சம்பளம், அதன் கீழே கூட்டுபவனுக்கு ஒரு சம்பளம்.

2017 முதலே ஆரம்பப்பள்ளிப் பாடத்திட்டத்தில் கணினிச் சிந்தனை சேர்ந்துவிட்டது. ஆனால் ரோபோப் பெட்டி வந்து இறங்கினால் மட்டும் போதாது. கணினியில் மென்பொருள் ஏற்றக் கடவுச்சொல் வேண்டும். அது ஆசிரியரிடம் இல்லையென்றால் பெட்டி அலமாரியில்தான் தூங்கும். ஒரே வகுப்பில் ஐந்து ரோபோ என்றால் ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் வைத்து இணைக்க வேண்டும். பிரட்டில் எல்லாருக்கும் ஒரே பேர் இருந்தால் என்னாகும்? அந்தக் கதைதான்! இங்கே பிள்ளை பொத்தானை அழுத்த, அடுத்த மேசை ரோபோ ஓடும்.

பொத்தான் அழுத்துவதோடு நின்றால் அது விளையாட்டுச் சாமான். "முன்னே போ, சுவர் வந்தால் நில்" என்று பிள்ளையே கட்டளை எழுத வேண்டும். 1967-இல் அமெரிக்காவில் பிறந்த 'லோகோ' கணினி மொழியால் பிள்ளைகள் பின்னர் இயந்திர ஆமையை ஓட்டியது இப்படித்தான்.

பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள்: மென்பொருள் ஏத்தியாச்சா? கடவுச்சொல் யாரிடம்? வாரம் எத்தனை பாடவேளை? பெண் பிள்ளைகளுக்கும் முறை வருதா?

கங்காணி சொன்னதைச் செய்தது நம்ம காலம். கட்டளை எழுதுவது நம்ம பிள்ளைங்க காலமாகட்டும்!