ஆபீசர்னு சொன்னா அப்படியே நம்பணுமா?



இந்தத் தடவை நான் எழுத எடுத்துக்கிட்டது வரி. 'அது பெரியவங்க சமாச்சாரம்'னு பக்கத்துத் தாளில் இருக்கிற விடுகதைக்குப் போயிடாதீங்க. நம்ம வீடுகளில் போனுக்கு வர்ற இங்கிலீஷ் செய்தியைப் படிச்சுச் சொல்றது யாரு? நாமதான். ஓடிபி நம்பரை வாசிச்சுக் காட்டுறதும் நாமதான். அதனால் ஏமாத்துறவன் அப்பா அம்மாவிடம் பேசினாலும், கடைசியில் அவன் வேலை முடியறது நம்ம கையில்தான்.

எங்க பெரியம்மா போனுக்கு ஒரு செய்தி வந்தது. வருமான வரி ரீபண்டு 15,490 ரூபாய் உங்களுக்கு வந்திருக்கு, பேங்க் கணக்கு எண் தப்பா இருந்தா கீழே உள்ள லிங்கில் திருத்துங்கள் என்று. பெரியம்மா களை எடுக்கப் போறவங்க. "கவர்மென்ட்டு பணம் போடுதாம், என்னன்னு பாரு பாப்பா"ன்னு கொண்டு வந்தாங்க. நான் ஒண்ணுதான் கேட்டேன்: "பெரியம்மா, நீங்க எப்ப வருமான வரி கட்டினீங்க?" அவங்க சிரிச்சுட்டாங்க. ரீபண்டு என்றால் கூடுதலாகக் கட்டின வரி, இல்லை பிடிச்ச வரி, திரும்ப வர்றது. அதுக்கும் முதலில் கணக்குத் தாக்கல் பண்ணியிருக்கணும். கட்டாத வரி எப்படித் திரும்பி வரும்? இதே 15,490 ரூபாய் செய்தி பொய் என்று மத்திய அரசின் பத்திரிகை தகவல் அலுவலகம் 2023-லேயே சொல்லிவிட்டது. தொகையைக்கூட மாத்தாம அனுப்புறாங்கன்னா நம்மளை எவ்வளவு லேசா நினைக்கிறாங்க பாருங்க!

ஆனால் ஆசை காட்டுறதைவிட பயம் காட்டுறதுதான் நம்ம ஊரில் நல்லா பலிக்குது என்பது என் கருத்து. பேன்ட் சட்டை போட்டு, கையில் பைலோட ஒருத்தர் வந்தா எங்க தாத்தா துண்டைத் தோளில் இருந்து எடுத்துடுவார். 'தானா சேர்ந்த கூட்டம்' படத்தில் சூர்யா அதிகாரி மாதிரி போய் சோதனை போடும்போது நாம எல்லாரும் கைதட்டினோம். அது நிஜமா நடந்த ஒண்ணை வச்சு எடுத்த கதை. 1987-ல் பம்பாயில் ஒரு ஆள் பேப்பரில் விளம்பரம் கொடுத்து ஆள் எடுத்து, சிபிஐ சோதனைன்னு ஒரு நகைக்கடைக்குள்ள அவங்களைக் கூட்டிட்டுப் போய், நகையும் பணமுமா அள்ளிட்டுப் போயிட்டான். கூட வந்தவங்களே தங்களை அதிகாரின்னுதான் நம்பினாங்களாம். அவன் கடைசி வரைக்கும் மாட்டவே இல்லை. பம்பாய் கடைக்காரரே கேள்வி கேட்கலைன்னா எங்க தாத்தாவை என்ன சொல்றது?

போன மாசம் எங்க தெருவுக்கு ஒருத்தர் வந்து, "வீட்டு வரி பாக்கி இருக்கு, இன்னைக்கே கட்டலைன்னா குடிதண்ணிக் குழாயை வெட்டிடுவோம்"னு சத்தம் போட்டார். ரெண்டு வீட்டில் கொடுத்துட்டாங்க. மூணாவது வீட்டு அத்தை, "ரசீது குடுங்க, இல்லைன்னா நான் ஊராட்சி ஆபீஸ்லயே வந்து கட்டிக்கிறேன்"னாங்க. அந்த ஆள் போன் பேசுற மாதிரி நடந்து போனவர்தான், திரும்பி வரவே இல்லை. ஆனா சாயந்திரம் திண்ணையில் என்ன பேசினாங்க தெரியுமா? "பொம்பளை ஆபீசரை எதிர்த்துப் பேசலாமா?" எனக்கு அதுதான் ரொம்பக் கோபம். ரசீது கேட்கிறது எதிர்த்துப் பேசறதா? நிஜ ஆபீசரா இருந்தா ரசீதைக் கிழிச்சுக் கொடுத்துட்டுப் போயிருப்பார். வீட்டு வரியை இப்போ இணையத்தில்கூட கட்டலாம். வாசலில் வச்சு மிரட்டி வாங்க வேண்டிய அவசியமே கிடையாது.

அதுக்காக வர்ற கடிதத்தை எல்லாம் பொய்னு கிழிச்சும் போடக்கூடாது. வருமான வரித்துறை அனுப்புற கடிதத்தில் 2019 அக்டோபர் 1-லிருந்து ஆவண அடையாள எண் என்று ஒண்ணு இருக்கணும். துறையின் இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் அது அவங்க அனுப்பியதா இல்லையான்னு தெரிஞ்சுடும். வருமான வரித்துறையின் இணைய முகவரி 'ஜிஓவி டாட் இன்' என்றுதான் முடியும். நடுவில் வந்துட்டு வேற எதிலாவது முடிஞ்சா அது வேற யாரோ. அப்புறம் ஓடிபி, ஏடிஎம் பின் நம்பர் ரெண்டையும் எந்த வரி ஆபீசும் கேட்காது. போனில் கேட்டால் பாதிப் பேச்சிலேயே வச்சுடலாம், மரியாதைக் குறைவு ஒண்ணும் இல்லை. பணம் போயிடுச்சுன்னா அழுதுட்டு உட்காராம உடனே 1930-க்குப் போன் பண்ணணும். சீக்கிரம் சொன்னால் பணம் கைமாறுறதுக்கு முன்னாடி நிறுத்தி வைக்க வாய்ப்பு இருக்கு. 'வீட்டில் திட்டுவாங்க'ன்னு ஒரு நாள் மறைச்சா அந்த வாய்ப்பும் போச்சு.

தலைமையாசிரியர் ஐயாவிடம் ஒரு வேண்டுகோள். சத்துணவுக் கூடத்துக்கு எதிர்ச் சுவர் வெறுமையாத்தான் இருக்கு. அதில் 1930 என்று பெரிசா எழுதிப் போடணும். பெயின்ட் கொடுத்தா நாங்களே எழுதுறோம். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் அந்த அத்தையைப் பேசச் சொல்லலாம், நான் கூட்டிட்டு வர்றேன்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி, 'ஆ' பிரிவு