25-ஐத் தாண்டினா அது சைக்கிள் இல்லே மச்சி!

லைசென்ஸ் வேண்டாம். ஆர்.சி. வேண்டாம். இன்ஷூரன்ஸ் வேண்டாம். பெட்ரோல் பங்க் பக்கமே எட்டிப் பார்க்க வேண்டாம். ராத்திரி சார்ஜ் போட்டா காலையில் காலேஜ்! இப்படி ஒரு எலெக்ட்ரிக் வண்டி கிடைத்தால் யாருக்குத்தான் கசக்கும்? செலவு குறைச்சல் என்பதால் அப்பாவும் தலையாட்டி விடுவார்.

வில்லங்கம் அடுத்த வாரம் ஆரம்பிக்கும். "என்னடா, மாட்டுவண்டி மாதிரி உருட்டுறே? லாக்கை எடுத்துவிட்டா சும்மா பிச்சுக்கிட்டுப் போகும்டா!" என்று ஒரு நண்பன் கிளப்பி விடுவான். அதற்கென்றே ஒரு மெக்கானிக்கையும் அவனுக்குத் தெரிந்திருக்கும். மறுநாள் அதே வண்டி 50-ல் பறக்கும்!

கொஞ்சம் நில்லுங்கள் பாஸ். அந்த வண்டிக்கு ஏன் லைசென்ஸ் கேட்கவில்லை என்று யோசித்தீர்களா? மோட்டார் திறன் 250 வாட்டுக்குக் கீழே, வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் கீழே இருந்து, சோதனை நிலையமும் அதற்குச் சான்று கொடுத்திருந்தால், மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி அது மோட்டார் வாகனமே கிடையாது. கிட்டத்தட்ட சைக்கிள் மாதிரி! லாக்கை எடுத்த நிமிஷமே அந்தச் சலுகை போச்சு. இப்போது நீங்கள் ஓட்டுவது பதிவு செய்யாத, இன்ஷூரன்ஸ் இல்லாத ஒரு மோட்டார் வாகனம்.

2019-ல் திருத்தப்பட்ட சட்டப்படி, லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் 5,000 ரூபாய் அபராதம். அனுமதி இல்லாமல் வண்டியை மாற்றி அமைத்தால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய், இல்லையென்றால் 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. 18 வயது ஆகாத தம்பியிடம் சாவியைக் கொடுத்து, அவன் எங்காவது இடித்துவிட்டால் அப்பாவுக்கு 25,000 ரூபாய் அபராதத்தோடு 3 வருஷம் வரை சிறை! கேரளாவில் 2023 மே மாதம், இப்படி வேகத்தைக் கூட்டி விற்ற கடைகளுக்குள்ளேயே மோட்டார் வாகனத் துறை சோதனைக்குப் போனது.

போலீஸ் பிடிப்பதுகூடப் பெரிய விஷயம் இல்லை. ஒருவர் மேல் இடித்துவிட்டால்? ஆஸ்பத்திரிச் செலவையும் நஷ்டஈட்டையும் கட்ட இன்ஷூரன்ஸ் கம்பெனி வராது. அந்த வருஷ நெல் விற்ற பணம் அங்கேதான் போகும்.

சரி, இவ்வளவு ரிஸ்க் எடுத்து என்னதான் லாபம்? வலங்கைமானில் இருந்து கும்பகோணம் சுமார் 10 கிலோமீட்டர். 25-ல் போனால் 24 நிமிஷம். வழியில் எங்குமே பிரேக் பிடிக்காமல் 50-ல் போனால் 12 நிமிஷம். மிச்சம் 12 நிமிஷம். ஒரு டீயும் கொஞ்சம் அரட்டையும்! அதற்கு என்ன விலை தெரியுமா? வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் பலம் நான்கு மடங்கு. பிரேக் பிடித்த பிறகு வண்டி நிற்க வேண்டிய தூரமும் நான்கு மடங்கு. அந்த பிரேக்கும் டயரும் 25-க்காகச் செய்யப்பட்டவை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதில் நம்ம ஊர் ரோடு வேறு! ஒரு பக்கம் வாய்க்கால், இன்னொரு பக்கம் வயல். ஒதுங்கணும் என்றால் சேற்றில்தான் இறங்கணும். புரட்டாசியில் குறுவை, தையில் சம்பா என்று அறுப்புக்கு அறுப்பு பாதி ரோட்டில் நெல் காயும். முதுகைக் காட்டியபடி காலால் நெல்லைத் துழாவிக்கொண்டு நடக்கும் அக்காவுக்கு பஸ் வந்தால் கேட்கும், புல்லட் வந்தால் கேட்கும். உங்கள் வண்டி வந்தால்? சத்தமே இல்லையே! பின்னால் 50-ல் நீங்கள் வருவது அவருக்குத் தெரியாது. சிதறிக் கிடக்கும் நெல்மணியில் டயர் ஏறினால் எப்படி வழுக்கும் என்பதும் உங்களுக்குத் தெரியாது. அரசு கொடுத்த சைக்கிளில் ஸ்கூலுக்குப் போகும் பிள்ளைகள், வயலில் இருந்து ரோடு ஏறும் வாத்துக் கூட்டம், பங்குனியில் மாரியம்மன் கோயில் பாடைக்காவடிக்கு வரும் ஜனம்... எல்லோருக்கும் சேர்த்து இருப்பது இந்த ஒரே ரோடுதான்.

உங்கள் சித்தப்பாவோ மாமாவோ சிங்கப்பூரில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். 2019 செப்டம்பரில் அங்கே சைக்கிளில் போன ஒரு மூத்த பெண்மணி, விதிக்குப் பொருந்தாத ஒரு இ-ஸ்கூட்டர் மோதி இறந்து போனார். அதே வருஷம் நவம்பர் 5 முதல் நடைபாதைகளில் இ-ஸ்கூட்டருக்கே தடை! அதை நம்பிச் சாப்பாடு டெலிவரி செய்துவந்த, விதியை மதித்து ஓட்டிய இளைஞர்களுக்கும் சேர்த்துத்தான் அடி விழுந்தது. சிலர் ஆடிய ஆட்டத்துக்கு எல்லோரும் விலை கொடுத்தார்கள். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டலாம் என்ற சலுகை இங்கேயும் நிரந்தரம் என்று யார் சொன்னது?

அதனால், வேகம்தான் வேண்டும் என்றால் லைசென்ஸ் எடுத்து, பதிவு செய்த எலெக்ட்ரிக் ஸ்கூட்டரையே வாங்குங்கள். யாரும் தடுக்கவில்லை. சின்ன வண்டியே போதும் என்றால் வாங்கும்போதே கடையில் சோதனைச் சான்றைக் கேளுங்கள். ஏற்கெனவே லாக்கை எடுத்திருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே பழையபடி மாட்டச் சொல்லுங்கள். சட்டம் கேட்காவிட்டாலும் மண்டை நம்முடையது, ஹெல்மெட் போடுங்கள். ஆள் நடக்கும் இடத்தில் 15-க்கு இறங்கி, தூரத்திலேயே ஒரு தடவை ஹாரன் அடியுங்கள்.

உங்கள் வண்டிக்குத்தான் சத்தம் கிடையாது. நீங்களாவது ஒரு குரல் கொடுங்க மச்சி, "அக்கா, வண்டி வருது!"