பழங் கணிப்பொறியும் அதன் மின்பெட்டியும்

பழம் பொருளைப் பேணுவோர்க்குக் கடமைகள் இரண்டு உள. ஒன்று, அப்பொருளை அழியாமற் காத்தல். மற்றொன்று, அதன் இயல்பு திரியாமற் காத்தல். இவ்விரண்டும் சிற்சில வேளைகளில் ஒன்றோடொன்று முரணுதலும் உண்டு. பழைய வீட்டுக் கணிப்பொறிகளைச் செப்பனிட்டு இயக்குவோர்க்கு அத்தகைய முரண் ஒன்று நேர்கின்றது. பொறியோடு வந்த மின்பெட்டியைக் கொண்டே அதனை இயக்குவதா, அன்றி அதனை விலக்கிப் புதியதொன்றைப் பூட்டுவதா என்பதே அது. இதைப்பற்றி நம் கருத்தை ஈண்டுக் கூறப் புகுகின்றோம்.

அமெரிக்காவில் கமடோர் நிறுவனத்தார் 1982-ஆம் ஆண்டு வெளியிட்ட 'கமடோர் 64' என்னும் பொறியைச் சான்றாக எடுத்துக்கொள்வோம். 64 கிலோபைட் நினைவாற்றல் உடைமையின் அது அப்பெயர் பெற்றது. அதற்கு மின்சாரம் தரும் பெட்டி பொறிக்கு வெளியே தனியாக உள்ளது. வடிவத்தாலும் கனத்தாலும் செங்கல்லை ஒத்தது. வீட்டு மின்சாரத்தைத் தணித்து, 5 வோல்ட் நேர்மின்னோட்டமாகவும் 9 வோல்ட் மாறுமின்னோட்டமாகவும் வழங்குதல் அதன் தொழில்.

அப்பெட்டிகள் பலவற்றினுள் எபாக்ஸி என்னும் பிசினை ஊற்றி இறுகச் செய்துள்ளனர். ஆதலால் உள்ளே பிறக்கும் வெப்பம் எளிதில் வெளியேறாது. திறந்து பழுது பார்த்தலும் அரிது. ஆண்டுக்கணக்காக வெம்மையுற்று, 5 வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் ஒரு நாள் கெடுகின்றது. கெடுங்கால் மின்சாரம் அறவே நின்றுவிடின் தீங்கில்லை. மின்னழுத்தம் மேலேறிவிடின், பொறியிலுள்ள நினைவுச் சில்லுகள் அதனைத் தாங்கா. புகையுமில்லை, ஓசையுமில்லை, திரை வெறுமையாய்க் கிடத்தலைக் கண்ட பின்னரே உடையவர் கேட்டினை உணர்வர். கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம் செய்து பயன் என்ன?

இதனோடு 'பி.பி.ஸி. மைக்ரோ' என்னும் பொறியை ஒப்பிட்டு நோக்குவோம். இங்கிலாந்தில் ஏகார்ன் நிறுவனத்தார் 1981-ஆம் ஆண்டு வெளியிட்ட இது, 1984-ஆம் ஆண்டு தொடங்கிய 'கிளாஸ்' திட்டத்தின் வழியாக நம் நாட்டுப் பள்ளிகள் பலவற்றிற்கும் வந்தது. இதன் மின்பெட்டியிலுள்ள காகிதக் கெப்பாஸிட்டர்களின் மேலுறை நாளடைவில் விரிசல் கண்டு, ஈரம் உட்புகும். நெடுநாட் கழித்து மின்சாரம் பாய்ச்சினால் அவை புகையைக் கக்கும். காண்பதற்கு அச்சந் தருமாயினும், உடனே நிறுத்தி, கெட்ட உறுப்பை மாற்றினால் பொறி பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். கமடோரின் பெட்டியோ எச்சரியாமலே கொல்வது.

"மூல உறுப்பை மாற்றிய பின் அது பழம் பொருளாகுமோ?" என வினவுவோர் உளர். பழைய வஸ்திரத்தில் புதுத் துணியை இணைத்தல் பற்றிய வேதாகம உவமையையும் அவர்கள் எடுத்துக் காட்டக்கூடும். அவர்தம் பற்றுப் போற்றத்தக்கதே. ஆயினும், கிழிசல் பெரிதாகும் என்பதன்றோ அவ்வுவமையின் அச்சம்? இங்கே கிழிப்பது புதியதன்று, பழையதே. மேலும், இப்பெட்டியை மாற்றுதற்குப் பொறியில் எதனையும் வெட்டவோ ஒட்டவோ வேண்டுவதில்லை. செருகியைக் கழற்றி வேறொன்றைச் செருகினாற் போதும். பழைய நிறுவனம் 1994-ஆம் ஆண்டில் வீழ்ந்தது. 6581 என்னும் அதன் புகழ்பெற்ற ஒலிச் சில்லு இன்று புதிதாய்ச் செய்யப்படுவதில்லை. அத்தகைய உறுப்புக்களைப் பெட்டியின் பொருட்டுப் பலியிடுதல், உமியைக் காக்க அரிசியை எரித்தலை ஒக்கும்.

எனினும், கைக்கு அகப்பட்ட எதனையும் பூட்டிவிடலாம் என்பது நம் கருத்தன்று. 5 வோல்ட் மட்டும் தரும் மின்வழங்கி இதற்குப் போதாது. முற்பட்ட கமடோர் 64 பொறிகளில் ஒலிச் சில்லுக்கு வேண்டிய 12 வோல்ட் அந்த 9 வோல்ட் மாறுமின்னோட்டத்தினின்றே ஆக்கப்படுகின்றது; பொறியிலுள்ள கடிகாரங்களும் அதன் அலைவுகளை எண்ணியே காலம் அளக்கின்றன. அழுத்தம் ஏறக்குறைய 5.5 வோல்ட்டைக் கடக்குமாயின், தானே மின்சாரத்தைத் துண்டிக்கும் காப்பும் புதிய பெட்டியில் இருத்தல் வேண்டும். புதியது வாங்க இயலாதோர், அத்தகைய காப்புச் சுற்றைப் பழைய பெட்டிக்கும் பொறிக்கும் இடையே பொருத்திக்கொள்ளலாம். பயிற்சியில்லாதார் மின்பெட்டியைத் திறத்தல் ஆகாது. இணைப்பை எடுத்த பின்னரும் கெப்பாஸிட்டர்களில் மின்சாரம் தங்கியிருத்தல் கூடும்.

பழைய பெட்டியை எறிந்துவிட வேண்டுமென்று நாம் கூறவில்லை. 'இயக்கற்க' என்று சீட்டு ஒட்டி, பொறியின் அருகிலேயே வைக்கலாம்; அதுவும் வரலாற்றின் ஒரு பகுதியே. முன்னோர் செய்த பொருளை மதித்தல் வேறு. அதிலிருந்த குறையையும் உடன் பேணுதல் வேறு. பள்ளியின் அலமாரியிலோ உறவினர் வீட்டுப் பரணிலோ இத்தகைய பொறி ஒன்று நமக்குக் கிடைக்குமாயின், ஆர்வ மிகுதியால் உடனே சுவிட்சைப் போடாதிருப்போமாக. மின்பெட்டியை முதலில் ஐயுறுவோம்; அளந்து பார்ப்போம்; அதன் பின்னரே பொறிக்கு மின்சாரம் தருவோம்.