பதினேழு இஞ்ச் வியாதி

திண்டுக்கல்லில் ஒரு வியாதி சுத்திக்கிட்டு இருக்கு மக்களே. கொசு கடிச்சு வர்ற வியாதி இல்ல. செகண்ட் ஹேண்டில் ஒரு போலோ ஜிடி டிஎஸ்ஐ வாங்கின மூணாவது வாரம் வரும். முதல் அறிகுறி, வண்டியை எங்க நிறுத்தினாலும் பத்தடி பின்னால போய் நின்னு சக்கரத்தையே பார்க்கிறது. ரெண்டாவது அறிகுறி, "கம்பெனி வீல் பொம்மை வண்டி வீல் மாதிரி இல்ல?"ன்னு போறவன் வர்றவனையெல்லாம் கேட்கிறது. மூணாவது அறிகுறி வந்துட்டா கேஸ் முத்திடுச்சுன்னு அர்த்தம். பளபளன்னு நாலு பதினேழு இஞ்ச் அலாய் வீலோட வந்து நிப்பாங்க.

அந்த அலாயைச் சுத்தி இருக்கிற டயரைக் குனிஞ்சு பாருங்க. பேரே கேள்விப்படாத கம்பெனியா இருக்கும். இல்லேன்னா ஏதோ ஒரு வண்டியில் இருந்து கழட்டி வந்த பழசா இருக்கும். வீலுக்கு முழுக்காசையும் கொட்டிட்டு, பாக்கெட்ல மிச்சம் இருந்ததுக்கு டயர். விளக்குமாத்துக்குப் பட்டுக்குஞ்சம்னு சொல்வாங்க. இது அதைவிட மோசம். விளக்குமாறு யாரையும் கொல்லாது.

என் கட்சி என்னன்னு முதல்லயே சொல்லிடறேன். வேகமா போற வண்டிக்கு முதல்ல வாங்க வேண்டியது டயர். அந்த டயரை மாட்ட எது பொருந்துமோ அதுதான் வீல். இதைத் தலைகீழா செய்யறது செருப்புக்காகக் காலை வெட்டிக்கிற கதை.

"போலோவெல்லாம் ஸ்போர்ட்ஸ் காரா?"ன்னு சிரிக்கிற சென்னைப் பெரியவங்களுக்கு ஒரு வார்த்தை. போர்ஷே வச்சிருக்கிறவருக்கு இந்தக் குழப்பமே கிடையாது. அந்தக் கம்பெனி சோதிச்சு அங்கீகரிச்ச டயர்ல 'என்' எழுத்தும் ஒரு எண்ணும் குத்தியிருக்கும். கோடி ரூபாய் வண்டி செய்யறவனே டயரைப் பெயின்ட் கலர் மாதிரி அவனவன் இஷ்டத்துக்கு விடறதில்ல. நம்மூருக்கு வாய்ச்ச ஸ்போர்ட்ஸ் கார், 2013-ல் வந்து 2022-ல் போலோவோடயே நின்னுபோன இந்த ஜிடி டிஎஸ்ஐ மாதிரி வண்டிங்கதான். வந்த புதுசுல 1.2 லிட்டர் டர்போ, 105 குதிரைசக்தி, ஏழு கியர் டிஎஸ்ஜி. மதுரை நாலுவழிச்சாலையில் மிதிச்சா போதும், தான் என்ன ரகம்னு அதுவே சொல்லிடும்.

அந்த வண்டிக்கு அப்போ கம்பெனி கொடுத்த டயர் அளவு 185/60 ஆர் 15. இந்த ஜாதகத்தைப் படிக்கத் தெரியாம யாரும் வீல் வாங்கக் கூடாது. 185 என்பது டயரோட அகலம், மில்லிமீட்டர்ல. 60 என்பது பக்கச்சுவரோட உயரம், அந்த அகலத்துல 60 சதவீதம், அதாவது 111 மி.மீ. 15 என்பது ரிம்மோட விட்டம், இஞ்ச்ல. ரிம் 381 மி.மீ., மேலே ஒரு 111, கீழே ஒரு 111. மொத்த உயரம் 603 மி.மீ.

இப்போ கடைக்காரர் பதினேழு இஞ்ச் வீலோட 215/40 ஆர் 17 டயரை எடுத்துக் காட்டுவார். "தம்பி, மொத்த உயரம் ஒண்ணுதான், ஸ்பீடோமீட்டர்கூட மாறாது"ம்பார். பொய் இல்ல. கணக்குப் போட்டா 603.8 வருது, ஒரு மி.மீ.கூட வித்தியாசம் இல்ல. ஆனா அவர் சொல்லாம விட்டது ஒண்ணு இருக்கு. பக்கச்சுவர் 111-ல் இருந்து 86 ஆயிடுச்சு. ஒரு இஞ்ச் உயரத்துக்கு ரப்பரும் காத்தும் காலி. அந்த இடத்துல உலோகம் வந்து உக்காந்துக்கிச்சு. பைபாஸ் பாலத்து இணைப்புக்கும், பெயின்ட் அடிக்காத வேகத்தடைக்கும், உங்க முதுகெலும்புக்கும் நடுவுல சமாதானம் பேசிக்கிட்டு இருந்தது அந்த ஒரு இஞ்ச்தான் சாமி. அது போனப்புறம் முதல் பள்ளத்துல ரிம் பெண்டு, ரெண்டாவது பள்ளத்துல டயர் பக்கவாட்டுல வயிறு தள்ளிடும். வயிறு தள்ளின டயருக்கு வைத்தியமே கிடையாது, தூக்கித்தான் போடணும்.

இன்னொரு விஷயம். அகலமான டயர்னா அதிக பாரம் தாங்கும்னு ஒரு நினைப்பு இருக்கு. அளவுக்குப் பக்கத்துல 84எச்-னு போட்டிருக்கும் பாருங்க. 84-ன்னா ஒரு டயர் 500 கிலோ தாங்கும். எச்-ன்னா மணிக்கு 210 கி.மீ. வேகம் வரைக்கும். மேலே சொன்ன 215/40 ஆர் 17-ல சாதாரண ரகத்துக்கு எண் 83, அதாவது 487 கிலோ. அகலம் 30 மி.மீ. கூடியும் பாரம் 13 கிலோ குறையுது! காரணம் எளிசு. பாரத்தை முக்கியமா தாங்கறது உள்ளே இருக்கிற காத்து. காத்துக்கு இடம் குறைஞ்சா பலமும் குறையும். 87 எக்ஸ்எல்-னு வலுவான ரகம் கேட்டு வாங்கலாம், ஆனா அதுக்குக் காத்து கூடுதலா அடிக்கணும். வண்டியில கம்பெனி ஒட்டின காத்து அளவு இந்த டயருக்குச் செல்லாது. ஞாயித்துக்கிழமை அஞ்சு பேர் ஏறி, ஆளுக்கு ஒரு பிளேட் பிரியாணியும் ஏறினப்புறம் இந்தக் கணக்கை யார் போடறா? :-)

அடுத்தது வீலை மாட்டற லட்சணம். நம்ம ஊர் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடே கிடைச்சிருக்கு. நுழையற சாவியெல்லாம் அந்தப் பூட்டோட சாவி இல்லேன்னு இங்க சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வீல் விஷயத்துல மட்டும் "அஞ்சு ஓட்டையும் சரியா உக்காந்துடுச்சுண்ணே"ன்னு சொன்னதும் தலையாட்டிடறோம். போலோவுக்கு 100 மி.மீ. வட்டத்துல அஞ்சு போல்ட். அது மட்டும் பொருந்தினா போதாது. நடு ஓட்டை 57.1 மி.மீ. இருக்கணும். பல கடை வீல்ல அது பெருசா இருக்கும், சரியான வளையம் போட்டு அடைக்கணும். போடலேன்னா வீல் மையத்துல உக்காராம ஸ்டியரிங் உதறலாம். நீங்களும் பேலன்சிங், பேலன்சிங்னு மாசாமாசம் மொய் எழுதிக்கிட்டு இருப்பீங்க.

இதைவிட ஆபத்து போல்ட். ஃபோக்ஸ்வேகன் ஒரிஜினல் வீல்ல போல்ட் உக்கார்ற இடம் உருண்டை வாட்டம். வெளியில விக்கிற நிறைய அலாய்ல அது கூம்பு வாட்டம். பழைய போல்ட்டையே போட்டு முறுக்கினா இறுகின மாதிரிதான் தெரியும். ஆனா தொட்டுக்கிட்டு இருக்கிறது கோடு அளவு இடம்தான். ஓட ஓடத் தளரும். கொடைக்கானல் மலையில இருந்து வத்தலக்குண்டு பக்கம் இறங்கும்போது அது தளர்ந்தா என்ன ஆகும்னு நான் எழுத வேண்டியதில்ல.

"ரேஸ் காருக்கே பெரிய வீல்தானே போடறான்?"னு ஒரு கேள்வி வரும். வரட்டும், அதுக்குத்தான் காத்திருக்கேன். ஃபார்முலா ஒன் வண்டிங்க 2021 வரைக்கும் ஓடினது 13 இஞ்ச் ரிம்முல. ஆமாங்க, பதிமூணு. நம்ம மாருதி 800-ஐ விட ஒரே ஒரு இஞ்ச் பெருசு. அந்தத் தடிமனான பக்கச்சுவர்தான் சஸ்பென்ஷன் வேலையில பாதியைப் பார்த்துச்சு. 18 இஞ்சுக்கு மாறினது 2022-ல். முந்நூறு கி.மீ. வேகத்துல போறவனுக்குப் பல வருஷம் பதிமூணு போதுமா இருந்திருக்கு. ஒட்டன்சத்திரம் வரைக்கும் தக்காளி வாங்கப் போறவருக்குப் பதினேழு வேணுமாம்!

ஃபார்முலா ஒன் பேச்சு வந்ததால நம்ம கோயமுத்தூர் நரேன் கார்த்திகேயனையும் சொல்லிடறேன். 2005 ஜூன் 19, அமெரிக்காவில் இண்டியானாபொலிஸ் ரேஸ். ஜோர்டான் வண்டியில நாலாவது இடம், 5 புள்ளி. "அன்னிக்கு ஆறு வண்டிதானே ஓடுச்சு"ன்னு இளக்காரமா பேசறவங்க உண்டு. எனக்கு அந்த ரேஸோட பாடமே ஓடாத மத்த 14 வண்டிதான். வெள்ளிக்கிழமை பயிற்சியில சாய்வான வளைவுல ரால்ஃப் ஷூமாக்கரோட டயர் போய் வண்டி சுவர்ல மோதுச்சு. அந்த டயரை அந்த வளைவுக்கு நம்ப முடியாதுன்னு மிஷலின் கம்பெனியே சொல்லிடுச்சு. ஞாயித்துக்கிழமை லட்சம் கண்ணு பார்த்துக்கிட்டு இருக்கும்போது, உலகத்தோட மிகச்சிறந்த டிரைவருங்கள்ல பல பேர் ஒரு சுத்து வந்துட்டு வண்டியை உள்ள ஓரங்கட்டிட்டாங்க. பிரிட்ஜ்ஸ்டோன் டயர் போட்ட ஆறு பேர் மட்டும் ஓடினாங்க. டயர் மேல சந்தேகம்னா அவனே ஓட்டமாட்டேங்கிறான். நம்மாளு எட்டு வருஷப் பழைய டயர்ல சிறுமலை பதினெட்டு கொண்டை ஊசி வளைவையும் காலங்காத்தால ஏறி 'டைமிங்' பார்க்கிறார்.

நியாயத்துக்கு எதிர்க்கட்சி வாதத்தையும் பார்த்துடுவோம்.

பக்கச்சுவர் குறைஞ்சா ஸ்டியரிங் சுறுசுறுப்பா இருக்கும்கிறது உண்மை. செட்டிபாளையம் கரி ரேஸ் டிராக் மாதிரி வழவழன்னு இருக்கிற தளத்துல, நல்ல டயரோட, ஒத்துக்கறேன். ஒட்டுப்போட்ட ரோட்டுல ரிம் கனமா இருந்து டயரும் விறைப்பா இருந்தா, சக்கரம் ரோட்டை ஒட்டி ஓடாம குதிச்சுக் குதிச்சுப் போகும். குதிக்கிற சக்கரம் பிரேக்கும் பிடிக்காது, திரும்பவும் திரும்பாது.

அகலம் கூடினா பிடிப்பு கூடும்கிறாங்க. ஒரே காத்தழுத்தத்துல ரோட்டைத் தொடுற பரப்பு ஏறக்குறைய அதேதான், உள்ளங்கை அளவு. வடிவம்தான் மாறும். ஐப்பசி மழையில தண்ணி தேங்கின ரோட்டுல அகல டயர் சீக்கிரமே மிதக்க ஆரம்பிச்சுடும். அதுவும் பட்டன் தேய்ஞ்ச டயரா இருந்தா படகு சவாரிதான்.

கடைசியா, "என் காசு, என் வண்டி, உனக்கென்ன?" இதுக்குத்தான் இந்தப் பதிவே. தைப்பூசத்துக்கு முன்னாடி ராத்திரி நேரத்துல பழனி ரோட்டுல போயிருக்கீங்களா? செருப்பில்லாம, தோள்ல துண்டோட, குழந்தையைத் தூக்கிக்கிட்டு ஆயிரக்கணக்கான சனம் ரோட்டோரமா நடந்துக்கிட்டு இருக்கும். தூக்கக் கலக்கத்துல ஒரு பாட்டி ரெண்டடி உள்ள வந்துட்டா, உங்க வண்டிக்கும் அந்தப் பாட்டிக்கும் நடுவுல இருக்கிறது நாலு உள்ளங்கை அளவு ரப்பர். ஏபிஎஸ், டர்போ, டிஎஸ்ஜி எல்லாம் அந்த ரப்பர் வழியாத்தான் வேலை செய்யணும். வீல் உங்க காசு, சரி. பாட்டி யார் காசு?

சரி, குறை மட்டும் சொல்லிட்டுப் போனா எப்படி? செய்ய வேண்டியது இதுதான்.

ஒண்ணு, தேதி பாருங்க. பக்கச்சுவர்ல நீள்வட்டத்துக்குள்ள நாலு எண் இருக்கும். 3523-ன்னா 2023-ஆம் வருஷம் 35-வது வாரம் செஞ்சது. பால் பாக்கெட்டுக்குத் தேதி பார்க்கிற நாம டயருக்குப் பார்க்கிறதில்ல. பட்டன் புதுசா தெரிஞ்சாலும் ரப்பர் வயசானா கல்லாயிடும்.

ரெண்டு, பட்டன் நடுப் பள்ளத்துல சின்ன மேடு இருக்கும். அது 1.6 மி.மீ. உயரம். பட்டன் அந்த மட்டத்துக்குத் தேய்ஞ்சா டயர் முடிஞ்சது. மழைக்காலத்துக்கு அதுக்கு முன்னாடியே மாத்திடறது புத்திசாலித்தனம்.

மூணு, ஆசையா இருந்தா கம்பெனி ரிம்லயே ஒரு படி ஏத்துங்க. 195/55 ஆர் 15 போட்டா மொத்த உயரம் 595.5 வரும், ஏழரை மி.மீ. குறைவு. ஏழரைன்னதும் பயந்துடாதீங்க, ஒண்ணேகால் சதவீதம்தான். பாரம், வேகம் ரெண்டு எண்ணும் கம்பெனி கொடுத்ததுக்குக் கீழே போகக் கூடாது. வீலுக்கு வச்சிருந்த காசுல இதுல முதல்தரமான டயர் நாலு வாங்குங்க.

நாலு, ரெண்டு டயர் மட்டும்தான் இப்போ முடியும்னா புதுசைப் பின்னால போடுங்க. முன்னால வழுக்கினா வண்டி நேரா போகும், ஆக்சிலேட்டரை விட்டுச் சமாளிக்கலாம். பின்னால வழுக்கினா வண்டி சுத்தும், அப்போ முருகன்தான் சமாளிக்கணும்.

அஞ்சு, அலாய் வாங்கியே தீருவேன்னா முதல்ல அது எத்தனை கிலோன்னு கேளுங்க. பாரம் எவ்வளவு தாங்கும்னு வீல்லயே பொறிச்சிருக்கான்னு பாருங்க. பதில் சொல்லாம "லுக்கைப் பாருண்ணே"ன்னா, செருப்பை மாட்டிக்கிட்டுக் கிளம்புங்க.

வண்டி நின்னுக்கிட்டு இருக்கும்போது நாலு பேர் பார்க்கிறது வீலை. வண்டி நிக்கணும்கிறப்போ வேணுங்கிறது டயர்.

டிஸ்கி: அலாய் வீல் வித்துப் பிழைக்கிற அண்ணன்கள் கோவிச்சுக்க வேண்டாம். நல்ல டயரையும் நீங்கதான் விக்கிறீங்க. அதை முன்னால அடுக்கி வைங்கன்னுதான் சொல்றேன். ;-)