எல்லா முதுகு வலிக்கும் சேர் மேல பழி போடாதீங்க!

ஆபீஸ்ல யாராவது முதுகு வலிக்குதுன்னு சொன்னா, எல்லோரிடமும் பதில் ரெடியா இருக்கும்: ‘சேர் சரியில்ல, மாத்து. பைக்கைக் குறை.’ பெரும்பாலானவர்களுக்கு அந்தப் பதில் சரிதான். சாதாரண முதுகு வலி சில வாரங்களில் தானாகவே அடங்கிவிடும். அந்தப் பதில் பொருந்தாத சிலர்தான் வருஷக்கணக்கில் மாட்டிக்கொள்கிறார்கள்.

இருபதுகளில் இருக்கும் ஒருவருக்கு மூணு மாசத்துக்கும் மேல் அடிமுதுகில் வலி. விடியற்காலை வலி தாங்காம முழிப்பு வருது. எழுந்தா அரை மணி நேரம் இடுப்பு பலகை மாதிரி விறைப்பா இருக்கு. கொஞ்சம் நடமாடினா சரியாகுது. ஞாயிற்றுக்கிழமை ‘ரெஸ்ட்’னு நாள் முழுக்கப் படுத்தா இன்னும் மோசமாகுது. தசைப்பிடிப்போ டிஸ்க் பிரச்சினையோ வழக்கமா இப்படி நடந்துக்காது. அதெல்லாம் ஓய்வெடுத்தா குறையும். இது ஓய்வெடுத்தா கூடுது.

இதுக்குப் பெயர் அன்கைலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ். ‘கழுத்துல ஸ்பாண்டிலைட்டிஸ்’னு நம்மூர்ல சர்வசாதாரணமா சொல்றாங்களே, அது பெரும்பாலும் ஸ்பாண்டிலோசிஸ், அதாவது தேய்மானம். இது வேற. உடலின் நோய் எதிர்ப்பு சக்தியே தவறான இடத்தில் அழற்சியைக் கிளப்பும் நோய். முதுகெலும்பின் அடிப்பகுதி இடுப்பெலும்போடு சேரும் சாக்ரோஇலியாக் மூட்டில்தான் பெரும்பாலும் ஆரம்பிக்கும். தசைநாண்கள் எலும்பில் ஒட்டும் இடங்களும் புண்படும். கவனிக்காமல் விட்டால், சிலருக்கு அங்கே புது எலும்பு வளர்ந்து முதுகெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போகும்.

மருத்துவ மாணவர்கள் எல்லோருக்கும் இந்த நோய் தெரியும், ஆனா ஒரு படமாகத் தெரியும். மூங்கில் கழி மாதிரி ஒட்டிப்போன முதுகெலும்பின் எக்ஸ்-ரே. ‘பேம்பூ ஸ்பைன்’ என்று எழுதினால் தேர்வில் மார்க் உறுதி. ஆனால் அது நோயின் கடைசி அத்தியாயம். எக்ஸ்-ரேயில் மாற்றம் தெரியவே பல வருஷம் ஆகலாம். அதற்கு முன்பே எம்ஆர்ஐயில் அழற்சி தெரிந்துவிடும். எம்ஆர்ஐ எடுக்கணும்னா முதலில் சந்தேகம் வரணும், சந்தேகம் வரணும்னா ‘காலையில எழுந்தா எப்படி இருக்கு?’ன்னு கேட்கணும். அந்தப் படத்துக்குக் கொடுக்கும் இடத்தை வகுப்பறையில் இந்தக் கேள்விக்குக் கொடுத்திருக்க வேண்டும். ‘ஆண்களின் நோய்’ என்று காலங்காலமாகச் சொல்லிக்கொடுத்ததில் பெண்களுக்கு இன்னும் தாமதம்.

அப்புறம் மெடிக்கல் ஷாப். டைக்ளோஃபெனாக் மருத்துவரின் சீட்டு இருந்தால்தான் விற்க வேண்டிய மருந்து. நடைமுறை எப்படின்னு எல்லோருக்கும் தெரியும். இந்த நோயில் அந்த மாத்திரை நன்றாகவே கேட்கும் என்பதுதான் வினோதம். மருத்துவர்கள் முதலில் கொடுப்பதும் அந்த வகை மாத்திரைதான். ‘மாத்திரை போட்டா பறந்துடுது, நிறுத்தினா திரும்ப வருது’ என்பது டாக்டருக்கு ஒரு முக்கியமான தடயம். கடையில் வாங்கிப் போடுபவருக்கோ அது ‘சரியாயிடுச்சு’. நோய்க்குப் பெயர் கிடைக்காமலே வயிற்றுப்புண், சிறுநீரகப் பாதிப்பு என வேறு கணக்குகள் ஏறும்.

மாத்திரையும் உடற்பயிற்சியும் போதாதவர்களுக்கு அடலிமுமாப் போன்ற ஊசிகள் உண்டு. இந்திய நிறுவனம் ஒன்று 2014-லேயே இதன் பயோசிமிலரைக் கொண்டுவந்துவிட்டது. ஆனாலும் மாதச் சம்பளக்காரருக்கு இது லேசான செலவல்ல. போடும் முன் காசநோய் ஒளிந்திருக்கிறதா என்று பார்ப்பதும் கட்டாயம். முடக்குவாதத்துக்குக் கைகொடுக்கும் மெத்தோட்ரெக்சேட், முதுகெலும்பு வலிக்குப் பெரிதாக உதவாது. ரத்தத்தில் எச்எல்ஏ-பி27 ‘பாசிட்டிவ்’ என்று வந்ததும் கூகுளில் தேடிப் பயப்படவும் வேண்டாம். அது இருப்பவர்களில் பெரும்பாலானோருக்கு இந்த நோய் வருவதே இல்லை.

செஸ் ரசிகர்களுக்கு விளாடிமிர் கிராம்னிக்கைத் தெரிந்திருக்கும். 2008-ல் உலகப் பட்டத்துக்கான போட்டியில் ஆனந்திடம் தோற்றவர். இதே நோய்க்காக 2006 தொடக்கத்தில் ஆட்டத்தை நிறுத்திவிட்டுச் சிகிச்சை எடுத்தார். அதே ஆண்டு தோப்பலோவை வென்றார். அவருக்கு நோயின் பெயர் தெரிந்திருந்தது.

இங்கே பெயர் தெரியாமல் திரிபவர்களில் சிலருக்குத் திடீரென ஒரு கண் சிவந்து, வலித்து, வெளிச்சம் பார்க்கவே கூசும். ‘மெட்ராஸ் ஐ’ன்னு நினைச்சுப் போவாங்க. ‘முதுகு வலி இருக்கா? காலையில விறைப்பா இருக்கா?’ன்னு முதல்முறையா கேட்கிறவர் அந்தக் கண் டாக்டராத்தான் இருப்பார்.