முள் காட்டாத வழி

வரைபடத்தில் குறித்த இடங்களில் நட்ட கொடிகளைத் தேடி ஓடும் ஓரியன்டீரிங் என்னும் காட்டோட்டப் போட்டியில் முதல் வரிசை வீரன் ஒருவன் திசைகாட்டியைத் தொடாமல் ஓடினால், அவனை வீம்புக்காரன் என்றும் அதிருஷ்டத்தை நம்பியவன் என்றும் தீர்ப்புக் கூறுவோர் பலர். அத்தீர்ப்பு முழுவதும் பிழை என்பதே என் துணிபு.

திசைகாட்டி முள் இல்லாதவன் காட்டில் வட்டமிட்டே திரிவான் என்பது அவர்கள் முதலில் சொல்லும் நியாயம். 2009-இல் யான் சௌமனும் அவர் சகாக்களும் வெளியிட்ட பரிசோதனையில், ஜெர்மனியின் பீன்வால்ட் காட்டில் மேகமூட்டமான நாளில் நேரே நடக்கச் சொல்லப்பட்டவர்கள், முன்பு தாம் கடந்த தடத்தையே அறியாமல் மறுபடியும் கடந்தார்கள் என்பது மெய்தான். ஆயினும் சூரியன் தெரிந்த நாளில் அதே காட்டில் நடந்தவர்கள் ஏறக்குறைய நேராகவே சென்றார்கள் என்பதையும் சேர்த்தல்லவா சொல்ல வேண்டும்? அன்றியும், அவர்கள் சமதளக் காட்டில் வரைபடமின்றி விடப்பட்டவர்கள். நம் வீரன் கையிலோ, பாறை, சதுப்பு, புதரின் அடர்த்தி வரை குறித்த, பொதுவாக ஐந்து மீட்டர் உயரத்திற்கு ஒரு பழுப்புக் கோடு வரைந்த படம் இருக்கிறது.

அதை அவன் கையாளும் விதத்தைக் கூர்ந்து பார்த்தால் வீம்பு என்னும் சொல் வாயில் எழாது. படத்தைச் சிறியதாக மடித்து, தான் நிற்கும் இடத்தில் கட்டைவிரலை ஊன்றி, உடல் திரும்புந்தோறும் படத்தையும் திருப்பி, எதிரே உள்ள சரிவும் தாளில் உள்ள சரிவும் ஒரே திக்கை நோக்க வைத்துக்கொண்டு, "இடப்பக்கம் சதுப்பு, பிறகு மேட்டின் தோள், அதைத் தாண்டினால் சிறு பள்ளம், பள்ளத்தின் தலையில் கொடி" என்று வரப்போவதை முன்கூட்டியே மனத்தில் வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றும் வந்து சாட்சி சொல்லக் கேட்டுக்கொண்டே அவன் ஓடுகிறான். விரலும் உடன் நகர்கிறது. திசையை அவனுக்கு உரைப்பது நிலத்தின் உருவமே.

முள் பொய் சொல்லாது என்பர். முள் சொல்லாமலிருக்கலாம், ஓடும் மனிதன் அதனைப் பிசகாகப் படிப்பான். ஐந்து பாகை பிசகினால், 500 மீட்டர் ஓடி முடிப்பதற்குள் 40 மீட்டருக்கு மேல் விலகிவிடுவான். அடர்ந்த காட்டில் அவ்வளவு தூரம் விலகினால் கொடி கண்ணில் படாமலே போகலாம். சமதளமும் புதரும் கூடிய இடத்தில், பார்வைக்கு யாதோர் உருவமும் அகப்படாதபோது, முள்ளை ஒதுக்குவது அவிவேகம் என்பதை மனமார ஒப்புக்கொள்கிறேன். மேடும் பள்ளமும் நிறைந்த பின்லாந்து, நார்வே காடுகளில் அவ்வாதம் அத்தனை வலுப் பெறாது.

வழி தவறினால் அவனுக்குப் புகல் ஏது என்பது கடைசி ஆட்சேபம். முள் வடக்கைக் காட்டுமேயன்றி, நிற்கும் இடம் இன்னதென்று ஒருபோதும் காட்டாது. இடத்தைத் தொலைத்தவன், கையில் முள் இருப்பினும் இல்லாவிடினும், நின்று மூச்சு வாங்கி, கட்டைவிரல் கடைசியாக ஐயமின்றி ஊன்றியிருந்த சதுப்பின் ஓரத்தை நினைவுகூர்ந்து, வந்த சரிவில் இறங்கி அங்கேயே திரும்ப வேண்டியவன்.